முனகாத சைக்கிள்

ஆடிக் காற்று ஓய்ந்த வாரத்தில் சந்தைப்புதூரிலிருந்து வேலங்காட்டுக்குப் போகிற ரோடு நீள ஆரம்பித்தது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்தக் குண்டும் குழியுமான ரோடு எப்போதுமே எல்லோருக்கும் நீளமாகத்தான் இருந்தது. பஸ் நேரத்துக்கு வராதபோது டிரைவரைத் திட்டினார்கள், டீசல் பாதி வழியில் தீர்ந்தபோது பங்க்காரரைத் திட்டினார்கள், கடைசியில் கண்டக்டர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். பின்சீட்டில் இருந்த ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அப்பா சாமி, இன்னும் எம்புட்டுத் தூரம்" என்று முனகியதும், தாண்டி வந்த புளியமரம் மறுபடி எதிரே வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் கால் மரத்துப்போய் முனகினாள், அதே புளியமரம் இன்னொரு தரமும் வந்தது. ரோடு முனகலைத் தின்கிறது, தின்னத் தின்ன வளர்கிறது என்று கண்டக்டர் பஸ் ஸ்டாண்டில் சொன்னபோது, ஜனங்கள் தக்காளி விலை ஏறியதைக் கேட்ட மாதிரி "அப்படியா" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார்கள்.

எஞ்சின் என்பதே ஓயாமல் முனகுகிற சாமான் என்பதால் பஸ், லாரி, மோட்டார் பைக் எல்லாம் சீக்கிரமே அந்த ரோட்டில் செல்லாக்காசாகிவிட்டன. வைக்கோல் ஏற்றிப் போன ஒரு லாரி இன்னும் போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலமானால் அதன் பின்விளக்கு அடிவானத்தில் சிவப்பாகத் தெரியும், அந்த டிரைவரின் பெண்சாதி அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பாள். நடந்து போகிறவனின் முழங்கால் முனகியது. சுற்றுவழி என்று ஒன்று கிடையாது. வேலங்காட்டுக்கு மூன்று பக்கமும் வற்றிப்போன அணை, ஆளை இடுப்போடு பிடித்து உள்ளே இழுக்கிற சேறு. ஊர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. ரோட்டோரத்து வீட்டுக்காரர்கள் சண்டையைக் கொல்லைப்பக்கம் வைத்துக்கொண்டார்கள், பிணம் போகிறபோது திருப்பம் வரும்வரை ஒப்பாரியைப் பல்லைக் கடித்து அடக்கினார்கள், மூலம் உள்ளவர்கள் ரோட்டுப்பக்கம் வரக்கூடாது என்று ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள், 'தூரம் கேட்காதீர்' என்று பஞ்சாயத்தார் போர்டு நட்டார்கள். சத்தமில்லாத சைக்கிளில், சத்தமில்லாத ஆள் போனால் மட்டும் வேலங்காடு மேற்கொண்டு விலகாமல் வந்து சேர்ந்தது. ஆனால் நீண்டது நீண்டதுதான். இதுவரை தின்ற முனகலை ரோடு திருப்பித் தரவில்லை, அதைத் தாண்ட இப்போது இரண்டு பகல் மிதிக்க வேண்டியிருந்தது. இரண்டு பகல் சீட்டில் குந்தியிருந்து எவன் முனகாமல் இருப்பான்?

மாட்டுத் தரகர் ராக்கியண்ணனுக்கு இதெல்லாம் பெரிய கவலையாகிவிட்டதற்குக் காரணம், அவருடைய ஒரே மகள் மேகலா வேலங்காட்டில் நிறைமாதமாக இருந்தாள்.

தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்து வரத்தான் நாள் பார்த்து வைத்திருந்தார், அதற்குள் ரோடு இந்தக் கதிக்கு ஆகிவிட்டது. மேகலாவைப் பெற்ற அன்றே அவள் அம்மா போய்ச் சேர்ந்தவள். அப்போதிருந்து மகளுடைய வயிறு என்று நினைத்தாலே அவருக்குப் பயம். அதை விடப் பெரிய பயம் ஒன்று இப்போது சேர்ந்திருந்தது. போன மாதம் வேலங்காட்டில் ரோட்டடி வீடு ஒன்றில் ஒருத்திக்கு வலி எடுத்து அலறியபோது, ஊர் எல்லையை எட்டிவிட்ட பால்காரன் ஒருவன் சைக்கிளோடு பின்னால் இழுத்துக்கொண்டு போகப்பட்டான். பாயை உருவுகிற மாதிரி ரோடு அவனை உருவிக்கொண்டது, கடைசியாகப் பார்த்தவர்கள் அவன் கேன் வெயிலில் ஒரு தரம் மினுங்கியதோடு சரி என்றார்கள். முனகலுக்கே மைல் கணக்கில் வளர்கிற ரோடு பிரசவ அலறலுக்கு எவ்வளவு வளரும்? மேகலாவின் வீடும் ரோட்டடியில்தான். வலி எடுக்கும் முன்னால் அவர் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஆயுசில் மகள் முகத்தைப் பார்க்க முடியாது.

போனில் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"நான் கத்தாம இருந்து பாக்கறனுங்கப்பா. முடியுமான்னு தெரியல."

"நீ எதுக்குக் கண்ணு கத்தோணும். அப்பன் வந்துர்றேன், வந்து உங்கூட இருக்கறேன்," என்றார் ராக்கியண்ணன். போனை வைத்த பிறகுதான், தான் சைக்கிள் மிதித்து இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது என்பது அவருக்கு உறைத்தது.

ராக்கியண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாலாம் வகுப்போடு சாணி அள்ளப் போய், உதை வாங்கி, ஏமாந்து, ஏமாந்த இடத்திலேயே எழுந்து நின்று தரகரான மனுசர். அவர் தொழிலே வாய்தான். எந்த மாட்டைக் காட்டினாலும் குறை சொல்வார்: சுழி சரியில்லை என்பார், பல்லு தேய்ந்தது என்பார், நடையில் நொண்டல் என்பார், விற்க வந்தவன் தன் மாட்டை நினைத்துத் தானே வெட்கப்படும்வரை சொல்வார். சட்டென்று கோபம் வரும், வந்தால் சந்தை முழுக்கக் கேட்கும். ஆனால் விலை படிகிற நேரத்தில் மட்டும் அந்த வாய் மூடிக்கொள்ளும். தோளில் கிடக்கிற துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, அடியில் எதிராளியின் விரலைப் பிடித்து, இத்தனை விரல் என்று அழுத்துவார். அவன் மடக்குவான், இவர் நீட்டுவார், வெளியே இருவர் முகமும் கல்லாக இருக்கும். அந்தத் துண்டுக்கு இரண்டு நியாயம் உண்டு. விலை படியும்வரை துண்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. கை உள்ளே போகும் முன்னால், ஒரு விரலுக்கு நூறா ஆயிரமா என்று வாயால் பேசி முடித்திருக்க வேண்டும். இரண்டாவதை மறந்தவன் மாட்டையும் இழப்பான், மானத்தையும் இழப்பான்.

சந்தைப்புதூரில் சைக்கிள் என்றால் நசீமா கடைதான். நசீமாவின் புருசன் ஒரு ரேஸ் சைக்கிளில் வேலங்காட்டுக்குக் கிளம்பிப்போய்த் திரும்பாதவன். அவன் போன் இன்னும் அடித்தது, எடுத்தால் மூச்சிரைப்பும் செயின் சத்தமும் மட்டும் கேட்டன. அவள் அதைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அவன் சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதே என்று வைத்துவிடுவாள். அந்தப் போனில் சார்ஜ் எப்படி இன்னும் இருக்கிறது என்று ஊரில் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

ராக்கியண்ணன் நேராக, கடை வாசலில் தொங்கிய ரேஸ் சைக்கிளிடம்தான் போனார். வெட்டுக்கிளி மாதிரி ஒடிசலாக, ஹேண்டில்பார் கீழே வளைந்து, டயர் விரல் கனத்தில், சீட் கத்தி மாதிரி இருந்தது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், பஞ்சு மாதிரி வந்தது. சீக்கிரம் போகிறதுதான் சீக்கிரம் சேரும் என்பது அவர் கணக்கு.

"ரேக்ளாவுல ஓடற மாட்டைக் கொண்டுபோய்ப் பாரவண்டியில பூட்டுவீங்களா தரகரே?" என்றாள் நசீமா, ஸ்டூலை விட்டு எழாமலே.

அவருக்குச் சுருக்கென்று ஏறியது. மாட்டைப் பற்றி எனக்கே பாடமா என்று பாய்ந்தார், இந்தக் கடைக்கு வந்ததே தப்பு என்றார், சைக்கிள் என்ன கன்றா போடப்போகிறது என்றார். அவள் எதற்கும் மசியவில்லை. இதே மாதிரி வண்டியிலதான் எங்க வீட்டுக்காரர் போனார், குனிஞ்சு குனிஞ்சு போய்க் கழுத்து வலிச்சிருக்கும், ஒரே ஒரு தரம் 'அம்மா'ன்னிருப்பார், நான் அதை இனிமே யாருக்கும் விக்கறதில்லை என்று மட்டும் சொன்னாள். ராக்கியண்ணன் ரேஸ் சைக்கிளை விட்டுக் கையை எடுத்தார்.

அவர் மனசு அப்போதுதான் வேலை செய்தது. நெடுந்தூரத்துக்கு மாடு பிடிக்கிறவன் எதைப் பார்ப்பான்? திமிலையும் துள்ளலையும் பார்க்க மாட்டான். குளம்பு அகலமா, நடை குலுக்காமல் இருக்கிறதா, கழுத்து நுகத்தடிக்கு ஒத்துப்போகிறதா, குணம் சாதுவா என்று பார்ப்பான். கடைக்குள் வரிசையாக நின்ற வண்டிகளை அந்தக் கண்ணோடு பார்த்துக்கொண்டே போனவர், கடைசியில் நின்ற ஒரு கரும்பச்சை சைக்கிளிடம் நின்றார். இரும்பு ஃபிரேம், ஹேண்டில்பார் சீட்டுக்கு மேலே ஒரு சாண் நிமிர்ந்து நின்றது, குனிய வேண்டியதில்லை, டயர் அகலம். ஏறி உட்கார்ந்தார். பெடல் கீழே போனபோது முழங்கால் லேசாக மடங்கி நின்றது, எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. முதுகு நிமிர்ந்தது. டயரைக் கல்லாக அடிக்காதே, கொஞ்சம் இளக்கி விடு, குழியை அதுவே விழுங்கட்டும் என்று அவர் சொன்னதற்கு நசீமா மறுப்புச் சொல்லவில்லை.

சீட்டுக்கு மட்டும் அவள் ஒரு தட்டில் ஈர மணலைப் பரப்பி அதில் உட்காரச் சொன்னாள். நடுக்கடையில், நாலு பேர் பார்க்க, ராக்கியண்ணன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து எழுந்தார். உட்காரும் எலும்பு இரண்டும் பதிந்த குழி தெரிந்தது. அந்த இடைவெளியை நூல் வைத்து அளந்து, அதற்கேற்ற அகலத்தில் ஒரு தோல் சீட்டை மாட்டினாள். மெத்தை சீட் கேட்டவரிடம், மெத்தை ஒரு பொழுதுக்குத்தான் சுகம், மறுபொழுது தொடையை உரிச்சுப்போடும் என்றாள். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் இன்னொரு நாளாக இருந்தால் ரத்தம் பார்த்திருப்பார்.

பிறகு அவர் தொழில் புத்தி தானாக வாயைத் திறந்தது. பெயின்ட் உரிந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். நசீமா கையை நீட்டி நிறுத்தினாள்.

"குறை சொல்லி வாங்குன வண்டியில ஏறிக்கிட்டு, குறை சொல்லாம எப்படிண்ணா போவீங்க?"

ராக்கியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அவள் சொன்ன விலைக்குத் தலையாட்டி வாங்கினார். அவள் செயினுக்கு எண்ணெய் விட்டாள், ஸ்டாண்டைக் கழற்றினாள், மட்கார்டை இறுக்கினாள், பெல்லைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தூக்கித் தட்டினால் ஒரு சின்னச் சத்தம்கூட வராத வண்டியாக அது ஆனது. வழியில அவரைப் பார்த்தீங்கன்னா பேச்சுக் கொடுக்காதீங்க, பதில் சொன்னா முனகிருவார் என்றாள்.

விடியற்காலையில் கிளம்பினார். சைக்கிள் சொன்ன சொல் கேட்டது, அவர் உடம்பும் அதன் சொல் கேட்டது. ரோடு வாயைப் பிளந்துகொண்டு கூடவே வருவதை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. தார் வெயிலில் மினுமினுத்து நாக்கு மாதிரி ஈரமாகத் தெரிந்தது. வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் காற்று நின்று காது கொடுத்தது. புளியமரங்கள் அவர் தாண்டிப்போவதைத் திரும்பிப் பார்த்தன. மதியத்துக்கு மேல் எதிர்ப்பக்கமாக, சந்தைப்புதூரைப் பார்த்து, ஒருவன் ரேஸ் சைக்கிளில் குனிந்து மிதித்துக்கொண்டு வந்தான். மிதிக்கிறான், ஆனால் வரவில்லை. அவன் முதுகு வில்லாக வளைந்து உறைந்திருந்தது, சட்டை நூல் நூலாகியிருந்தது, இடுப்பில் ஒரு போன் வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்தது. ராக்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அவனைத் தாண்டினார். இருட்டியதும் வண்டியைச் சாய்த்துவிட்டுப் படுத்தார், கனவில் எங்கே முனகிவிடுவோமோ என்று பயந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு படுத்தார்.

மறுநாள் வெயில் சாய்கிற நேரத்தில் வேலங்காடு தெரிந்தது. ஓட்டுக் கூரை தெரிந்தது, அவரே பிடித்துக் கொடுத்த எருமை வாசலில் கட்டியிருப்பது தெரிந்தது. அவர் பின்பக்கத்தில் வலி என்று சொல்ல ஒரு சின்ன வலிகூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த அந்த நொடியில் வீட்டுக்குள்ளிருந்து மேகலா அலறினாள்.

ரோடு அசைந்தது. எருமை சின்னதாயிற்று, ஓடு சின்னதாயிற்று, வேலங்காடு கை நழுவின தாம்புக்கயிறு மாதிரி ஓட ஆரம்பித்தது. ராக்கியண்ணன் உயிரைக் கொடுத்து மிதித்தார், வண்டி முனகாமல் ஓடியது, ஆனாலும் ஊர் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஊர் எல்லை மைல்கல் அவரோடு சேர்ந்தே நழுவி வந்தது. அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நாற்பது வருசமாக உடம்பில் ஊறிய ஒரே பழக்கம்தான் தோன்றியது. சைக்கிளைப் போட்டுவிட்டு, துண்டை உருவி அந்தக் கல்மேல் விரித்து, கையை அடியில் நுழைத்தார்.

உள்ளே ஒரு கை இருந்தது.

கொதிக்கிற தார் மாதிரிச் சூடு, ஜல்லி மாதிரிச் சொரசொரப்பு. அது அவர் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. அவர் மூன்றை மடக்கினார். அது நான்கைப் பிடித்தது. ஊர் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஒரே விரலை நீட்டி, மற்றதை இறுக்கி மூடிக்கொண்டார். வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. இரண்டு என்றது அது. அவர் ஒன்றிலேயே நின்றார். அப்படியே வெகுநேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு அந்தக் கை அவருடைய ஆள்காட்டி விரலைச் சுற்றி மெல்ல மூடி, ஒரு தரம் குலுக்கியது. படிந்துவிட்டது. ஊர் ஓடிவந்து அவர் காலடியில் நின்றது.

எழுந்து வீட்டுப்பக்கம் ஓடுகிறபோதுதான், பாதி வழியில், அவருக்கு அது உறைத்தது. ஒரு விரலுக்கு என்ன கணக்கு என்று அவர் பேசவில்லை.

ஒரு மைலா? ஒரு வருசமா? ஓர் உயிரா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மேகலா உயிரோடு இருந்தாள், வேர்த்துக் கிடந்தாள், அப்பனைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளூர் நர்ஸ் கையில் குழந்தை தலைகீழாகத் தொங்கியது. முதுகில் தட்டினாள், பாதத்தைச் சுண்டினாள், மறுபடி தட்டினாள். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண்குழந்தை. மூச்சு விட்டது, நிறம் இருந்தது, கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்தது, வாயை அகலத் திறந்து முகமெல்லாம் சிவக்க அழுதது. சத்தம் மட்டும் வரவில்லை.

பிறகு வெளியே, ரோட்டில், மைல்கல் பக்கத்திலிருந்து, பிறந்த குழந்தையின் அழுகை கேட்டது.

மறுநாளே பஸ் வந்துவிட்டது. பழைய தூரம், பழைய டிக்கெட். வைக்கோல் லாரி வந்து சேர்ந்தது, பால்காரன் திரிந்த பாலோடு வந்து சேர்ந்தான், நசீமாவின் புருசன் முதுகு நிமிராமலே வீட்டுக்கு வந்து மூன்று பானைத் தண்ணீர் குடித்தான். போர்டைப் பிடுங்கினார்கள், முனகத் தடையில்லாமல் ஆசை தீர முனகினார்கள். மைல்கல் பக்கத்து அழுகைக்கும் ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். டிரைவர்கள் அந்த இடத்தில் ஹாரன் அடிப்பதில்லை, தூங்கினால் எழுப்பிவிடுவோமே என்று. கைப்பிள்ளைக்காரிகள் பஸ்ஸில் போகும்போது அங்கே மார்பு நனைந்து, வெட்கத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். யாரோ கல்லடியில் ஒரு கிண்ணம் பால் வைத்தார்கள், மறுநாள் கிண்ணம் காலியாக இருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ரோட்டைச் சரிபண்ணிக் கொடுத்தவர் என்று ராக்கியண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைத் தோளில் கூட வைத்துக்கொள்ளவில்லை.

சந்தைக்குப் போவதை விட்டுவிட்டு வேலங்காட்டிலேயே, மகள் வீட்டில் தங்கிவிட்டார். யாராவது விரலை நீட்டினால் தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பேத்தி நன்றாகத்தான் வளர்ந்தாள். தவழ்ந்தாள், சிரித்தாள், பேச்சுக்கூட வந்தது, அழுகை மட்டும் அவளிடம் இல்லை. ஒரு நாள் தாத்தாவின் சைக்கிள் சக்கரத்தில் விரலைக் கொடுத்து நசுக்கிக்கொண்டு, ரத்தம் சொட்ட, சத்தமில்லாமல் வாயைப் பிளந்தாள். தூரத்தில் ரோடு வீறிட்டது.

"அந்த ரோட்டுல அழுவறது யாருங்கப்பா?" என்று மேகலா கேட்டாள். அவள் ரவிக்கை நனைந்திருந்தது. "எனக்கு ஓடிப்போய்த் தூக்கோணும் போல இருக்குது."

ராக்கியண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சைக்கிளில் ஏறி மைல்கல்லுக்குப் போனார். துண்டை விரித்தார். இந்த முறை கையை நுழைக்கும் முன்னால், ஆளில்லாத ரோட்டில், சந்தையில் பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னார்: "ஒரு விரலுக்கு ஒரு வருசம். என்னோட வருசம். எத்தனை வேணுமோ எடுத்துக்க. புள்ளையோட அழுகையைக் குடு."

கையை உள்ளே விட்டுக் காத்திருந்தார். ஜல்லிக் கை வரவில்லை. வெயில் நகர்ந்தது, கல்லின் நிழல் அவர் முழங்காலைத் தொட்டது. அழுகை மெல்ல மெல்ல அடங்கி விசும்பலாயிற்று. அப்போது துண்டுக்கு அடியில், ஈரமாக, மெத்தென்று, நகம் இன்னும் முற்றாத ஐந்து சின்ன விரல்கள் வந்து அவருடைய ஒரு விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன.

அழுகை நின்றது. அவர் இழுத்துப் பார்த்தார், பிடி விடவில்லை. இது விலை கேட்கிறதா, விலை சொல்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. துண்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது என்பது நியாயம். ராக்கியண்ணன் விரலைக் கொடுத்தபடியே, ஒரு முனகலும் இல்லாமல், சூடான தாரின்மேல் உட்கார்ந்தார்.